பதினொன்றாவது படம்

நவம்பர் 3, திங்கள்

காலம்சென்ற என் தம்பிக்கு,

இன்னும் காலம் செல்லாத உன் அக்கா எழுதுவது. நானும் உன் மகள் சுண்டெலியும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் கை வருகிறது. ஆனால் செத்தவனிடம் என்ன சுகம் விசாரிப்பது என்று ஒரே குழப்பம்.

கடுதாசியைக் கீழே போட்டுவிட்டுப் பதறாதே. விஷயம் இதுதான். எங்கள் பள்ளியில் இந்த மாதம் முழுக்க சாலைப் பாதுகாப்பு என்று அமளி. மைதானத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அட்டைப்பெட்டியில் பஸ்ஸும் லாரியும் செய்து ஓட விட்டிருக்கிறார்கள். கேட்டில் சிவப்புப் பலகை பிடித்து வண்டிகளை நிறுத்துகிறவள் நான்தானே, அதனால் ரோட்டைக் கடக்கச் சொல்லித் தரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஐந்தாம் வகுப்பில் மூன்று தடவை உட்கார்ந்தவள் இப்போது அதே ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். "அவசரமா ஓடுறவங்க கையத் தூக்குங்க" என்றால் தலைமை ஆசிரியை அம்மாவும் சேர்ந்து தூக்குகிறார்.

இருபத்தொன்றாம் தேதி, வண்டி மோதி இறந்தவர்களை நினைத்து ஒரு கூட்டம் வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் அப்படிப் போனவர்களின் படங்களை ஹாலில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பேராக வாசிப்பார்களாம், அந்த வீட்டார் வந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டுமாம். இன்று காலை ஹாலைக் கூட்டுகிற ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லவே இல்லையேக்கா நீ, எல்லாத்தையும் சிரிச்சே மறைச்சுட்டியே" என்று கண் கலங்கினாள். என்னவென்று போய்ப் பார்த்தேன். பதினொன்றாவது படம் நீ. ரொட்டிக் கம்பெனித் தொப்பியோடு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. மற்ற பத்துப் பேரும் உம்மென்று இருக்கிறார்கள். நீ ஒருத்தன்தான் செத்ததில் சந்தோஷமாக இருக்கிறாய்.

நான் கொடுக்கவில்லை. சுண்டெலியைக் கேட்டால், டீச்சர் கேட்டார்கள், பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்கிறாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இரண்டு நாளாக என்னை அத்தை என்றும் கூப்பிடுவதில்லை. உன்னிடம் போனும் இல்லை, இருந்தாலும் "ம்" கொட்டியே ஆளைக் கொன்றுவிடுவாய், அதனால் எழுதுகிறேன். உடனே பதில் போடு. ஆவியாக வந்து சொல்லாதே, கடுதாசியில் சொல்.

குழம்பிப்போயிருக்கும்,
உன் அக்கா

*

நவம்பர் 6, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். கூட மடிக்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். என்ன சொல்வது? நான்தான் என்று சொல்ல முடியுமா? படுக்கை விரிப்பு ஒன்றை நாலு தடவை மடித்து நாலு தடவை பிரித்தேன்.

உனக்கு எல்லாமே கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. அந்த வரிசையில் தொங்குகிறவர்கள் யாருடைய வண்டியிலோ அடிபட்டவர்கள். நான் ஓட்டியவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் விடியற்காலையில், அடுத்த கடைக்கு எத்தனை ரொட்டி என்று சீட்டைக் குனிந்து பார்த்தேன். இரண்டு விநாடி இருக்கும். நிமிர்வதற்குள் அந்த ஒயர்மேனின் சைக்கிள் வண்டிக்கு அடியில் இருந்தது. ஜெயிலில் இரண்டு வருஷம் இருந்தேன். வெளியே வந்தும் வீட்டுக்கு வர முகமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தேன். அப்படிப்பட்டவனுக்கு மெழுகுவர்த்தியா?

நான் கேட்பதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். சுற்றி வளைக்காதே. பள்ளிக்கு நான் செத்தேன் என்று யார் சொன்னது? அந்த ஒயர்மேனின் படமும் அங்கே இருக்கிறதா? அவர் மனைவி பாலத்து முக்கில் தையல்கடை வைத்திருப்பதாகக் கோர்ட்டில் சொன்னார்கள். உன் பள்ளி அதற்குப் பக்கம்தானே.

படத்தை எடுக்கச் சொல்.

தம்பி

*

நவம்பர் 10, திங்கள்

நேராகப் பதில் கேட்ட தம்பிக்கு,

நேராகவே சொல்கிறேன், நடுவில் கோணினால் பொறுத்துக்கொள்.

உன்னைக் கொன்றது நான்தான். சுண்டெலியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, நீ உள்ளே இருந்தாய். ஆபீஸ் குமாஸ்தா பாரம் எழுதினார். அம்மா பேர் கேட்டார், காய்ச்சலில் போய்விட்டாள் என்றேன். அப்பா என்ன வேலை, எந்த விலாசம் என்றார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஜெயில் விலாசத்தையா சொல்வேன்? "அவரும் இறந்துட்டார்னு போட்டுக்குங்க சார்" என்றேன். அதோடு விட்டாரா மனுஷன்? எப்படி இறந்தார் என்றார். அதை நான் யோசித்து வைக்கவில்லை. அந்த நாளில் என் மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவே வாயில் வந்தது. சாலை விபத்து என்றேன். எழுதிக்கொண்டார். பொய் சொன்ன எனக்கே அன்று சாயங்காலம் மறந்துவிட்டது. புதுத் தலைமை ஆசிரியை பழைய பாரங்களைப் புரட்டி, சாலை விபத்து என்று இருந்த வீடுகளையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் நீயும் சிக்கினாய்.

அடுத்த கேள்வி. ஆமாம், அவர் படமும் இருக்கிறது. பத்தாவது. உனக்குப் பக்கத்தில், தோளோடு தோள். இதற்கு மேல் நான் சொல்லப்போவதற்கு நீ உட்கார்ந்துகொள். அவருடைய மகளும் சுண்டெலியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அந்தப் பெண்ணின் குரல் கீச்சுக்கீச்சென்று இருக்கும், கீச்சு என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருஷமாக இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி. தினமும் கையைக் கோத்துக்கொண்டுதான் என் பலகையைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு யாருடைய பிள்ளை என்று தெரியும். அவர்கள் வீட்டுக்கு நாம் யார் என்று தெரியாது. நான் கோர்ட்டுப் பக்கம் வந்ததே இல்லையே. நீ உள்ளே போன வருஷம் அந்தத் தையல்கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்றதும் "என்ன தைக்கணும்?" என்றாள். ஜன்னல் திரை என்று வாயில் வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவள் திரைக்கு அளவு சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டில் இருப்பதே ஒரு ஜன்னல்.

படத்தை எடுக்கச் சொன்னாயே, அந்தக் கூத்தையும் கேள். தலைமை ஆசிரியையிடம் போய், "அம்மா, என் தம்பி உயிரோட இருக்கான்" என்றேன். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆமாம்மா. நம்ம மனசுல அவங்க என்னைக்கும் உயிரோடதான் இருப்பாங்க" என்றார். இல்லம்மா, நிஜமாகவே இருக்கிறான், மூன்று வேளை சாப்பிடுகிறான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, கேட்டுக்கு வேறு ஆளை அனுப்பி, அரை நாள் லீவும் கொடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் கேட்காமல் கிடைத்த முதல் லீவு.

சிரிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சுண்டெலி நேற்று வாயைத் திறந்தாள். "அப்பா செத்துட்டாருன்னு டீச்சருக்கெல்லாம் தெரியுது. எங்கிட்ட மட்டும் ஏன் மறைச்சீங்க?" என்றாள். இல்லடி, இருக்கிறார், வருஷத்துக்கு இரண்டு கடுதாசி வருகிறதே என்றேன். அதையெல்லாம் நானே எழுதி, நானே தபாலில் போடுகிறேனாம். உயிரோடு இருக்கிற அப்பா ஆறு வருஷமாக ஒரு தடவை கூடவா வராமல் இருப்பார் என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

கொலைகாரி,
அக்கா

*

நவம்பர் 13, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்மேல் கோபப்பட முடியவில்லை. கோபப்பட நான் யார்? அந்தப் பெண்ணும் என் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மறுபடி மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

இரண்டு நாள் யோசித்தேன். படம் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். பாப்பா நம்பிக்கொண்டிருப்பதையே நம்பட்டும். செத்த அப்பாவுக்காக ஒரு தடவை அழுதுவிட்டால் முடிந்தது. ஆளைக் கொன்றுவிட்டு ஒளிந்துகொண்டிருக்கிற அப்பா என்றால் வாழ்நாள் பூராவும் தலைகுனிய வேண்டும். சிநேகிதியும் போய்விடுவாள். நான் செத்தால் எல்லோருக்கும் கணக்கு நேராகிவிடும்.

இனி எழுதவும் மாட்டேன். நீயும் எழுதாதே. இது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

தம்பி

*

நவம்பர் 17, திங்கள்

எழுதாதே என்று எழுதியவனுக்கு,

சின்ன வயதில் நீ பேச மாட்டேன் என்று சபதம் போட்டு அரை மணி நேரத்தில் வந்து பென்சில் கேட்பாய். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

உன் கடுதாசி வந்தபோது நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பிரிந்து கிடக்கிறது, பக்கத்தில் சுண்டெலி. முழுக்கப் படித்துவிட்டாள். "இது நீங்க எழுதினது இல்ல. உங்களுக்கு இவ்ளோ நல்லா எழுத வராது" என்றாள். நீ உயிரோடு இருப்பது உன் கடுதாசியாலேயே நிரூபணமாகிவிட்டது. நீ செத்துப்போக ஆசைப்படுகிறாய் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரே தபாலில் அப்பா கிடைத்தார், அதே தபாலில் போயும்விட்டார். பத்து வயதுக்கு அது கொஞ்சம் அதிகம் இல்லையா?

அதற்கு அப்புறம் மறைத்து என்ன செய்ய? எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய வண்டி, யாருடைய சைக்கிள், எல்லாம். அழவில்லை. கீச்சுவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சொல்லாதீர்கள் என்றாள். சரி என்றேன். உடனே, சொல்லாமல் அவளோடு எப்படி விளையாடுவது என்று கேட்டாள்.

கூட்டத்தன்று அந்தத் தையற்காரம்மா உன் முகத்துக்கு முன்னால் வந்து நின்று தன் புருஷனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவாளே, உன்னைக் கோர்ட்டில் எத்தனை தடவை பார்த்தவள், என்று நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை போய்விட்டேன். இந்தத் தடவை வாயில் ஜன்னல் திரை வரக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்துவிட்டேன். பதினொன்றாவது படம் என் தம்பி, பாரத்தில் பொய் சொன்னது நான், அவன் உயிரோடுதான் இருக்கிறான், அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டாம்.

மெஷின் நின்றது. அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளாம். புருஷன் படத்தைக் கொடுக்க வந்த அன்றைக்கே.

"அந்த மூஞ்சி எனக்கு மறக்குமாக்கா? பாத்ததும் வெளிய போயிடலாம்னு திரும்பினேன். அப்புறம், ஓ, இவரும் போயிட்டாரா, இவரும் ரோட்டுலதானான்னு தோணுச்சு. அங்கயே நின்னு அழுதேன். அவருக்கும் சேத்துத்தான் அழுதேன். ஆறு வருஷமா நெஞ்சுல இருந்த கல்லு அன்னைக்குத்தான் எறங்குச்சு. இப்ப வந்து உயிரோட இருக்கார்ங்கறீங்க. நான் அழுததை என்ன பண்றது?"

தம்பி, உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்கிறார்களே, அது எந்த ஊரில் என்று தெரியவில்லை. நான் பொய் சொன்னபோது அவளுக்கு நிம்மதி வந்தது. உண்மையைச் சொன்னதும் போய்விட்டது. என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். துணி இல்லாமலே ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். வா என்று நான் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

அக்கா

*

நவம்பர் 22, சனி

தம்பிக்கு,

நீ வரவில்லை. பதிலும் இல்லை. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் எட்டிப் பார்த்து, ஒரு பால் வண்டியை என் காலில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தேன். பாடம் எடுக்கிறவள் லட்சணம்.

ஹால் நிறைந்திருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், ஹெல்மெட், சீட் பெல்ட் என்று பேசினார். பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். அப்புறம் பேர் வாசித்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய் ஏற்றினார்கள். பத்தாவது பேருக்குத் தையற்காரம்மாவும் கீச்சுவும் போனார்கள். அவள் கீழேயே பார்த்துக்கொண்டு ஏற்றினாள், பக்கத்துப் படத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

உன் பேர் வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் சுண்டெலி எழுந்து போய்விட்டாள். மெழுகுவர்த்தியைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "மிஸ், இவர் உயிரோட இருக்கார். பேரை எடுத்துடுங்க."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கிறார், போலீஸ்காரர் தலைமை ஆசிரியையைப் பார்க்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது ஒரு கைதட்டல் கேட்டது. கீச்சுதான். எழுந்து நின்று, முகமெல்லாம் பல்லாக, படபடவென்று தட்டுகிறாள். அவளைப் பார்த்து வகுப்பு முழுக்கத் தட்டியது, அப்புறம் ஹாலே தட்டியது. செத்தவர் ஒருவர் பிழைத்துவிட்டார் என்றால் தட்ட மாட்டார்களா? ஆயா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "கடவுள் கண்ணத் தொறந்துட்டாருக்கா" என்றாள். கீச்சு அந்தச் சத்தத்திலும் கத்துகிறாள், "உங்கப்பா எப்படி வருவாரு? எப்ப வருவாரு?" என்று. தையற்காரம்மா ஒருத்திதான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மகள் கையைப் பிடித்து நிறுத்தவும் இல்லை.

சுண்டெலியைத் தேடினேன். அட்டைப்பெட்டி லாரிக்குப் பின்னால், படத்தைக் குப்புற வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "அவ கை தட்றா அத்தை" என்றாள். இருபது நாளைக்குப் பிறகு என்னை அத்தை என்கிறாள், அதைக்கூட நான் ரசிக்க முடியவில்லை.

கேட்டில் தையற்காரம்மா என் பக்கம் வந்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எம் பொண்ணு உங்க தம்பிக்காகக் கை தட்டுறா. அது எதுக்குன்னு அவளுக்குத் தெரியல. நான் சொல்லப் போறதில்ல. உங்க புள்ளயும் சொல்ல வேணாம், பாவம் அது. அவரே வந்து சொல்லட்டும்."

சொன்னால் மன்னிப்பீர்களா என்று கேட்டேன். என் வாயைப் பார், அந்த நேரத்திலும் பேரம் பேசுகிறது. தெரியவில்லை என்றாள். வந்தால் உள்ளே விடுவேனா, முகத்தில் அறைவேனா என்றுகூட இப்போது தெரியவில்லை என்றாள். ஆனால் செத்த மனுஷனிடம் பேச முடியாது, அதுதான் இத்தனை வருஷமாக என் புருஷன் படத்திடம் பேசிப் பார்க்கிறேனே என்றாள்.

அவ்வளவுதான் செய்தி. நீ செத்தால் எல்லோருக்கும் நேராகிவிடும் என்று எழுதினாய். நேராகவில்லை. சுண்டெலி நேற்றிலிருந்து கீச்சுவிடம் பேசவில்லை. ஏன் காய்விட்டாள் என்று கீச்சுவுக்குத் தெரியவில்லை. இன்று காலை தனிவகுப்புக்கு இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக ரோட்டைக் கடந்தார்கள். இரண்டு தடவை வண்டிகளை நிறுத்தினேன்.

இனி நான் எழுத மாட்டேன். இது சபதம் இல்லை, கை வலி.

அக்கா

*

நவம்பர் 27, வியாழன்
உன் வீடு, சமையல் மேடை

அக்காவுக்கு,

நீ பள்ளியிலிருந்து வந்து இதைப் படிக்கும்போது பயந்துவிடாதே. பாப்பா என்னோடு இருக்கிறாள்.

பதினொன்றரை பஸ்ஸில் வந்தேன். கேட்டில் நீ முதுகைக் காட்டி நின்றாய். கூப்பிட வாய் வரவில்லை, நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவி இன்னும் அதே நிலைமேல்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு இன்று அரை நாள்தானாமே, பாப்பா ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். படத்தில் இருப்பதைவிடக் குட்டையாக இருக்கிறீர்களே என்றாள். பேச்சு அப்படியே உன் அச்சு. நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, குடிக்கும் வரை எதிரே நின்றாள். இன்னும் அப்பா என்று கூப்பிடவில்லை. "நீங்க" என்கிறாள். அது போதும்.

நீ வந்ததும் மூன்று பேராகப் போகலாம் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. நீ வந்தால் சிரிக்க வைத்துவிடுவாயாம், அங்கே யாரும் சிரிக்கக் கூடாதாம். கீச்சு இரண்டு மணியிலிருந்து கடையில்தான் இருப்பாள், பித்தானைப் பிரித்து வைப்பாள் என்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை எதுவும் இப்போது ஞாபகத்தில் இல்லை. முதலில் அம்மாவிடமா, அந்தக் குழந்தையிடமா, உட்கார்ந்தா, நின்றா, எதுவுமே தெரியவில்லை. பாப்பாவையே கேட்டேன், போய் நான் என்ன சொல்வது என்று. கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கும் தெரியல. நீங்க மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க."

கூப்பிடுகிறாள். போய்விட்டு வருகிறோம்.

தம்பி